அச்சு முறிந்த ஊரும் ரஞ்சன்காவும்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டினார். அதில் பாதிக்கு மேல் செஞ்சி–சென்னை தடம். திண்டிவனம் தாண்டி அச்சிறுபாக்கம் வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து ஒரு தடவை நெற்றிப் பொட்டில் தட்டிக்கொள்வார். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை, லீவு போட்டு, அங்கே இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவார்.

அந்த ஊர்க் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்புரத்தை எரிக்கக் கிளம்பினார் சிவன். பூமியே தேர், சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரம்மா தேரோட்டி. எல்லாம் தயார், பிள்ளையாரைக் கும்பிட மட்டும் மறந்துபோயிற்று. தேர் அந்த இடத்தில் வந்ததும் அச்சு முறிந்தது. அச்சு இற்ற ஊர், அச்சிறுபாக்கம். ஆட்சீஸ்வரர் கோயிலில் அச்சுமுறி விநாயகர் இன்றும் இருக்கிறார். அருணகிரிநாதர்கூட இதைப் பாடியிருக்கிறார். "பிரம்மாவே ஓட்டின வண்டிக்கே அந்தக் கதின்னா, நான் எம்மாத்திரம்?" என்பார் என் வீட்டுக்காரர். பக்தியா, தொழில்பயமா என்று நான் கேட்டதில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று இந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மகன் பதினோரு வருஷமாகப் புனேக்குப் பக்கத்தில், ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். பாலிடெக்னிக் முடித்த கையோடு, இருபத்தொரு வயதில், ஒரு சூட்கேஸும் ஒரு தூக்குச் சட்டியும் கொண்டுபோனவன். அங்கேயே வேரூன்றிவிட்டான். மருமகள் விழுப்புரத்துப் பெண். பேத்திக்கு ஐந்து வயது. அவள் எங்களோடு போனில் பேசும் தமிழில் பாதி மராத்தி. முன்பு இரண்டு தடவை ரயிலில் போய் வந்திருக்கிறோம். இந்த முறை, நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், காரிலேயே போகலாம் என்றார். ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். "இவ்ளோ வருஷம் ஊர் ஜனத்தையெல்லாம் கூட்டிக்கினு போயிட்டேன். ஒன்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு நாளாவது ஓட்டுனேனா?" அதற்கு மேல் நான் மறுத்துப் பேசவில்லை.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் செஞ்சியில் வரலாறு நடத்தினவள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. அந்த வாரம் கடைத்தெருவில் பலர் என்னை நிறுத்தி, "டீச்சர், நம்ம கோட்டை தேசிங்குராஜா கோட்டை ஆச்சே, அதுல மராட்டியன் எங்க வந்தான்?" என்று கேட்டார்கள். தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாப்போடு சண்டையிட்டு மாண்டவர். அவரைத் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் ஊர் மனதில் நிறுத்திவிட்டன. அவருக்கு முன், அதே கோட்டையில் ஏறக்குறைய எட்டு வருஷம் ஒரு மராட்டிய அரசன் இருந்து, தில்லிப் படையை மலைக்குக் கீழேயே நிறுத்திவைத்தான் என்பது பாடமாகவும் இல்லை, பாட்டாகவும் இல்லை. முப்பது வருஷம் அந்த மலையடிவாரத்தில் வரலாறு நடத்திய நானே இதை ஒரு பாராவில் கடந்துபோயிருக்கிறேன். அந்தக் குறை என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

அவன் பெயர் ராஜாராம், சிவாஜியின் இளைய மகன். 1689 மார்ச்சில் அண்ணன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றபோது இவனுக்கு வயது 19. தலைநகர் ராய்கட் முற்றுகையில் இருந்தது. இவனை எப்படியாவது உயிரோடு வைத்திருந்தால்தான் ராஜ்யம் என்று ஒன்று மிஞ்சும் என்ற நிலை. 1677இல் தகப்பனார் சிவாஜி பிடித்து, மதில்களைப் பலப்படுத்தி வைத்துவிட்டுப் போன ஒரு கோட்டை தெற்கே இருந்தது. அதை நோக்கி ஓடி வந்தான். பன்ஹாளா கோட்டையிலிருந்து செஞ்சி வரைக்கும் அவன் வந்த வழியை எதிர்த்திசையில் நாங்கள் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

திருவண்ணாமலை தீபம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு, மார்கழி தொடக்கத்தில் கிளம்பினோம். எங்கள் வீட்டு மரத்துத் தேங்காய் நான்கு, புளி, வேர்க்கடலை, பேத்திக்கு முறுக்கு டின். திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போகிற வழி. இந்த வழியில் அச்சிறுபாக்கம் கிடையாது, அது கிழக்கே. அவர் ஒரு நிமிஷம் வாசலில் நின்று யோசித்தார். பிறகு சாவியைத் திருப்பிவிட்டார்.

பெங்களூரைத் தாண்டுவதற்குள் மதியமாகிவிட்டது. இந்த ஊருக்கு அருகில்தான் ராஜாராமின் கூட்டம் பிடிபடப் பார்த்தது. யாத்ரீகர்கள்போல வேஷம் போட்டு வந்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் மற்றவன் கால் கழுவிவிட்டதைப் பார்த்து ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டார்களாம். அரசனை வேறு வழியில் அனுப்பிவிட்டு, கண்டோ பல்லாள் என்பவரும் சிலரும் பின்தங்கி மாட்டிக்கொண்டார்கள். எவ்வளவு வதைத்தும் வாய் திறக்கவில்லை என்று மராட்டிய வரலாறுகள் சொல்கின்றன. அதற்கு முன்பே, மலைநாட்டில் கேளடி ராணி சென்னம்மா, மொகலாயப் படை தன் மேல் பாயும் என்று தெரிந்தும் அவனுக்கு இடம் கொடுத்திருந்தாள். யாரோ பெற்ற பிள்ளைக்காக வழியெங்கும் இத்தனை பேர் தங்கள் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வர, அவர் தும்கூர் வரைக்கும் ரேடியோவைப் போடவில்லை.

இரவு சித்ரதுர்கா. மறுநாள் காலை நெடுஞ்சாலையை விட்டு விலகி, சன்னகிரி பக்கம் ஹொதிகெரே என்ற சின்ன ஊருக்குப் போனோம். எனக்கு இந்தப் பயணத்தில் முக்கியமான இடங்களில் அது ஒன்று. சிவாஜியின் தகப்பனார் சாஹாஜியின் சமாதி அங்கேதான் இருக்கிறது. 1664 ஜனவரியில் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பெங்களூர் அவருடைய ஜாகீராக இருந்த ஊர். அவருடைய ஒரு மகன் சிவாஜி. இன்னொரு மனைவி துக்காபாயின் மகன் ஏகோஜிதான் தஞ்சாவூரில் மராட்டிய அரசை நிறுவியவன். சரசுவதி மகால் நூலகத்தைத் தேடித் தேடிச் சேர்த்த இரண்டாம் சரபோஜி அந்த வழியில் வந்தவர். பெரிய கோயில் சுவரில் தன் குல வரலாற்றை மராத்தியில் நீளமாகப் பொறிக்கச் செய்தவரும் அவர்தான். ஒரு பிள்ளையின் வம்சம் மேற்கே, ஒரு பிள்ளையின் வம்சம் காவிரிக்கரையில். இரண்டையும் பெற்ற மனிதர் இரண்டுக்கும் நடுவில், கன்னட நாட்டில், வயல்களுக்கு இடையே படுத்திருக்கிறார். ஆடம்பரமில்லாத கல் சமாதி. எங்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. பையில் இருந்த சாமந்தியில் நான்கை வைத்துவிட்டு வந்தேன்.

ஹூப்ளியைத் தாண்டியதும் முன்சக்கரத்தில் ஒரு உறுமல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்து, இரண்டு கிலோமீட்டர் அப்படியே ஓட்டினார். "பேரிங் போவுது" என்றார். மெதுவாக உருட்டிக்கொண்டு நிப்பாணி வரை போய்ச் சேர்ந்தோம். சாலையோர மெக்கானிக் பையனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு மராத்தியும் கன்னடமும் தெரியாது. இருவரும் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் பேச்சு. பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதிதை ஏற்ற மூன்று மணி நேரம் ஆயிற்று. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, அவர் கை துடைத்துக்கொண்டே வந்து சொன்னார்: "அச்சிறுபாக்கத்துல நிக்காம வந்துட்டோம் பாரு." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அங்கிருந்து வடக்கே டிசம்பர் மாதச் சாலை என்றால் கரும்புதான். ஒரு டிராக்டர் இரண்டு டிரெய்லரை இழுக்கும்; கரும்பு இரண்டு பக்கமும் சரிந்து தொங்கும்; டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்திருப்பான். சாலையோரம் கறுப்புத் தார்ப்பாய்க் குடிசைகள். பீட் மாவட்டத்து வறண்ட கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து, ஆலை ஓடும் மாதங்கள் முழுக்கக் கரும்பு வெட்டுகிறவர்கள். கைக்குழந்தை கட்டுக்கட்டாகக் கிடந்த சோகையின் மேல் தூங்குகிறது. பண்ருட்டிப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வெளியூர் ஆட்கள் வந்து குடிசை போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டுப்போன பிள்ளைகளின் பெயர்களை வருகைப்பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தவள் நான். அந்தக் குடிசைகளைப் பார்த்துக்கொண்டு வேடிக்கையாகப் போக முடியவில்லை.

கோலாப்பூரில் தங்கி, காலையில் பன்ஹாளா ஏறினோம். நகரத்திலிருந்து 20 கிலோமீட்டர். கார் கோட்டைக்குள்ளேயே போகிறது. உள்ளே ஊர் இருக்கிறது, ஓட்டல்கள் இருக்கின்றன. நான் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் போனது அம்பர்கானா என்னும் தானியக் களஞ்சியத்தை. கங்கா, யமுனா, சரஸ்வதி என்று மூன்று கட்டடங்கள். தடித்த சுவர்கள், பீப்பாய்போல வளைந்த கூரை, மேலே தானியம் கொட்டுவதற்குத் துளைகள். உள்ளே காலை வைத்ததும் அவர் சொன்னார், "நம்மூருக் களஞ்சியத்துக்குள்ள வந்த மாதிரியே இருக்கு." அப்படியேதான் இருந்தது. அந்த இருட்டும், குளிர்ச்சியும், பேசினால் திரும்பி வரும் குரலும். செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் களஞ்சியத்துக்கு எத்தனையோ வகுப்புகளைக் கூட்டிப்போய், கத்தாதீர்கள் என்று கத்தியிருக்கிறேன். கோட்டை என்றால் பீரங்கியும் வாளும்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எட்டு வருஷம் ஒரு முற்றுகையைத் தாங்கவேண்டுமானால் முதலில் வேண்டியது நெல்லும் தண்ணீரும். பன்ஹாளாவில் வளர்ந்த கண்ணோடு வந்தவர்கள் செஞ்சியின் களஞ்சியத்தையும் குளங்களையும் பார்த்ததும் இங்கே பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பார்கள்.

1689 செப்டம்பர் கடைசியில் இந்த மலையிலிருந்து கிளம்பியவன் நவம்பரில் செஞ்சி சேர்ந்தான். அங்கே தர்பார் நடந்தது. பிரதிநிதி என்ற பட்டமே அங்கே புதிதாக உண்டாயிற்று. கையில் பணமில்லாத அந்த அரசன்தான் 1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றான். பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள கிராமங்கள் கோட்டையைச் சேர்ந்தவை என்று பேச்சு. கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்தது என்பார்கள். அந்த ஊரில் என் சித்தி வீடு. குண்டு எங்கிருந்து வந்தது என்று சித்தியிடம் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

சாதாரா, கம்பாட்கி மலைப்பாதை, புனேயின் நெரிசல் எல்லாவற்றையும் நான் தூக்கத்தில் கடந்துவிட்டேன். விழித்தபோது நகர் ரோடு. இது புனேயிலிருந்து அகமத்நகருக்குப் போகிற சாலை. 2024இல் அந்த ஊரை அகில்யாநகர் ஆக்கியிருந்தாலும் சாலையின் பெயர் வாயில் இன்னும் மாறவில்லை. கண்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், வெங்காய மூட்டை ஏற்றிய டெம்போக்கள். 50 கிலோமீட்டர் வந்தால் ரஞ்சன்காவ். ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் செய்கிற பெரிய பெரிய ஆலைகள்; எல்ஜி, வேர்ல்பூல், ஃபியட் என்று பெயர்ப்பலகைகள். ஷிப்டு விட்டால் நீலச் சட்டை ஆறுபோல வெளியே வரும். பீகார், ஒடிசா, மராத்வாடா, நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். மறுபக்கம், சாலையை ஒட்டினாற்போல, மகாகணபதி.

வாசலில் பேத்தி ஓடி வந்தாள். பின்னாலேயே மாடிவீட்டு அம்மா ஒருவர், ஆரத்தித் தட்டோடு. மகனுக்கு வீடு வாடகைக்கு விட்டவர். பதினோரு வருஷத்துக்கு முன் அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, மொழி இல்லை. புளியையும் இரண்டு தேங்காயையும் அவர் கையில் வைத்தேன். இரவு அவர் வீட்டிலிருந்து ஜோவர் பாக்ரி, பிட்லா, கோஷிம்பீர் வந்தது. பிட்லா கடலைமாவில் செய்வது. தஞ்சாவூர்க்காரர்களின் பிட்லை வேறு பதார்த்தமாக மாறிவிட்டாலும் பெயர் அங்கே நிற்கிறது. கோஷிம்பீரைப் பார்த்ததும் அவர், "இது நம்ம கோசுமல்லி" என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன் கோயிலுக்குப் போனோம். அங்கே மார்கழிக் குளிர் நம் ஊர்க் குளிர் அல்ல. காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மகாராஷ்டிரத்தில் எட்டு பிள்ளையார் தலங்களை அஷ்டவிநாயகர் என்று சுற்றி வருவார்கள். மோர்காவ், சித்தடேக், பாலி, மஹட், தேவூர், லேண்யாத்ரி, ஓஜர். வரிசையில் எட்டாவது, கடைசி, ரஞ்சன்காவ். கிழக்குப் பார்த்த சந்நிதி. சூரியன் தென்திசை சாயும் மாதங்களில் காலைக் கதிர் மூலவர்மேல் விழும்படி கட்டியிருக்கிறார்கள். மாதவராவ் பேஷ்வா இந்தக் கருவறையைக் கல்லில் கட்டிக்கொடுத்தார். பிறகு இந்தூரைச் சேர்ந்த கிபே சர்தார் திருப்பணி செய்தார். மூலவர் பரந்த நெற்றியோடு உட்கார்ந்திருக்கிறார். இரு பக்கமும் சித்தியும் புத்தியுமாக இரு தேவியர் (இவர்கள் ரித்தி, சித்தி என்கிறார்கள்). பத்துத் துதிக்கையும் இருபது கைகளும் கொண்ட மகோத்கட் என்ற இன்னொரு மூர்த்தி நிலவறையில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றும் ஒரு பேச்சு ஊரில் உண்டு. படையெடுப்புக்குப் பயந்து ஒளித்தார்களாம்.

மகன் கதை சொன்னான். அவன் ஆலை நண்பர்களிடம் கேட்டறிந்த கதை. திரிபுராசுரன் மூன்று உலகத்தையும் ஆட்டிவைத்தான். சிவன் சண்டைக்குப் போனார். முதல் தடவை ஜெயிக்க முடியவில்லை. ஏன் என்று பார்த்தால், கிளம்பும்போது பிள்ளையாரைக் கும்பிடவில்லை. நாரதர் வந்து நினைவுபடுத்த, சிவன் இந்த இடத்தில் கணபதியைப் பூசித்து, பிறகு போய் ஒரே அம்பில் முப்புரத்தையும் எரித்தார். அவரே இங்கே கணபதியைப் பிரதிஷ்டை செய்தார்.

என் வீட்டுக்காரர் பேசாமல் நின்றார். எனக்கு மேனி சிலிர்த்தது. எங்கள் ஊரிலிருந்து இந்தப் பக்கம் அச்சிறுபாக்கம், அந்தப் பக்கம் முப்புரம் எரித்த திருவதிகை. இந்தக் கதை எங்கள் மண்ணுக்கே உரியது என்று நினைத்திருந்தேன். இங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிராமம் தன் மண்ணிலேயே நடந்ததாக நம்பி, அதே மறதியை, அதே பிள்ளையாரை, அதே அம்பைச் சொல்கிறது. எங்கள் கதையில் மறந்ததற்கு அச்சு முறிகிறது. இவர்கள் கதையில் நினைவு வந்து கும்பிட்ட இடம் கோயிலாகிறது. எது எங்கிருந்து போயிற்று என்று ஆராய எனக்கு ஆசை இல்லை. அங்கே நின்றபோது, ஒரு கதையின் முன்பாதியைக் கேட்டு வளர்ந்தவள் பின்பாதியைக் கேட்க வந்தமாதிரி இருந்தது.

அவர் பையிலிருந்து எங்கள் மரத்துத் தேங்காயை எடுத்தார். பேத்தி கையைத் தூக்கி, "கணபதி பப்பா மோரியா!" என்று கூவினாள். பப்பா என்றால் அப்பா. சிஞ்ச்வடில் வாழ்ந்த கணபதி அடியார் மோரயா கோசாவியின் பெயர்தான் அந்த மோரியா என்கிறார்கள். தமிழில் பிள்ளையார், மராத்தியில் அப்பா. அவள் இரண்டையும் சேர்த்து "பிள்ளையார் பப்பா" என்றே சொல்கிறாள். அவளுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

பத்து நாள் இருந்தோம். ஒரு ஞாயிறு சிங்ககட் போனோம். செஞ்சி 1698இல் விழுந்தபோது தப்பித் திரும்பிய ராஜாராம், இரண்டு வருஷத்தில், 1700 மார்ச்சில், முப்பது வயதில் அங்கே இறந்தான். அவன் சமாதி மேலே இருக்கிறது. இன்னொரு நாள் அகமத்நகர் கோட்டை; நேரு 1942 முதல் 1945 வரை சிறையிருந்து 'கண்டுணர்ந்த இந்தியா'வை எழுதிய இடம். அதே ஊரில்தான், தெற்கை முழுவதும் பிடித்துவிடக் கால் நூற்றாண்டு போராடிய அவுரங்கசீப் 1707இல் கண்ணை மூடினார். பேத்திக்குப் பிடித்தது நிகோஜ். குக்கடி ஆறு பாறையைக் குடைந்து குடைந்து பானை பானையாகப் பள்ளம் செய்திருக்கிறது. ரஞ்சன் என்றால் மராத்தியில் பெரிய தண்ணீர்ப் பானை. "ஆத்தா, இது யாரு செஞ்ச பானை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

புனே திசையில் 25 கிலோமீட்டர் வந்தால் கோரேகாவ் பீமா. ஆற்றங்கரையில் ஒரு கல்தூண். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை, கம்பெனியின் 800 பேர் அளவிலான சின்னப் படை நாள் முழுக்க எதிர்த்து நின்றது. அதில் கணிசமானவர்கள், ஊருக்குள் நுழைய விடாமல் ஒதுக்கப்பட்டிருந்த மகர் வீரர்கள். தூணில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. 'நாக்' என்று முடியும் பெயர்களைப் பார்த்து அவர்களை அடையாளம் காணலாம். 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் இங்கே வந்தார். அதிலிருந்து இது லட்சக்கணக்கானவர்கள் கூடும் தலமாகிவிட்டது. நாங்கள் போனபோது வருஷப் பிறப்புக் கூட்டத்துக்குத் தடுப்புக் கட்டைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படையில் இருந்த இரண்டு பீரங்கிகளும் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவை. நீலப்புடவை கட்டிய ஒரு பாட்டி, பேரனின் விரலைப் பிடித்து ஒவ்வொரு பெயராகத் தடவ வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ. நான் வகுப்பில் நடத்திய எந்தப் பாடத்திலும் அந்த விரல் இல்லை.

அங்கிருந்து வடூ, பிறகு துளாபூர். பீமா, பாமா, இந்திராயணி மூன்றும் கூடுகிற இடம். துகாராமின் தேஹுவையும் ஞானேஸ்வரின் ஆளந்தியையும் தொட்டு வருகிற இந்திராயணி இங்கே வந்து முடிகிறது. 1689 மார்ச் 11 அன்று, நாற்பது நாள் பிடித்துவைத்து வதைத்தபிறகு, சம்பாஜியைக் கொன்றது இங்கேதான் என்கிறார்கள். கூடவே அவருடைய தோழர், கவி கலஷையும். சமாதி வடூவில். மாலை வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சங்கமேஸ்வரர் கோயில் படியில் உட்கார்ந்துகொண்டு நான் கணக்குப் போட்டேன். இங்கே ஒருவன் விழுந்த செய்தி மலைதாண்டிப் போனதால்தான் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் எங்கள் ஊர் மலையை நோக்கிக் கிளம்பினான். செஞ்சியின் கதை இந்தப் படியில் தொடங்குகிறது. மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, அதன் முதல் பக்கத்தைப் பார்க்க அறுபது வயதாகியிருக்கிறது.

மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீ இங்க வந்தப்போ பயமா இருந்துச்சாடா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. "முதல் மாசம் தெனம் ராத்திரி மொட்டைமாடிக்குப் போய் அழுதேன்மா. அப்புறம் அந்த அம்மா ஒருநாள் ஏறி வந்து பாத்துட்டாங்க. மறுநாள்ல இருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க." ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். செஞ்சிக்கு வந்த அந்தப் பையனுக்கும் எங்கள் ஊரில் யாராவது ஒரு பெண் சோறு போட்டிருப்பாள். அவள் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது.

கிளம்புகிற அன்று காலை பேத்தி கோயில் வாசலில் வாங்கிய அருகம்புல் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தாத்தா கையில் கொடுத்தாள். முதல் நாள் ராத்திரி அவர் அச்சிறுபாக்கத்துக் கதையைச் சொல்லித் தூங்கவைத்திருக்கிறார். "அந்தப் பிள்ளையார் பப்பாவுக்கு" என்றாள். திரும்புகாலில் கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர், காஞ்சிபுரம் என்று சுற்றினோம். வீட்டுக்கு நேர்வழி அது இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணியில் சுற்றிய புல்லை டேஷ்போர்டில் வைத்து, டீ குடிக்க நிறுத்திய இடத்திலெல்லாம் துணியை நனைத்துக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அச்சிறுபாக்கத்தில் இறங்கிப் பிரித்துப் பார்த்தபோது நுனிகள் பழுத்திருந்தன, நடுவில் மட்டும் பச்சை இருந்தது. அவர் காய்ந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை அர்ச்சகரிடம் நீட்டினார்.